"எதைத் தம்பி விக்கிறான் இவன்?" – டெல்டாவில் காலேஜை நிறுத்திவிட்டு ஆன்லைன் மார்க்கெட்டிங்

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா ஒருநாள் சாயங்காலம் என்னை வாசலில் நிறுத்திக் கேட்டார். "பி.காம். ரெண்டாவது வருஷம் தம்பி. ஆடி மாசத்துலேருந்து காலேஜுக்குப் போவ மாட்டேங்கிறான். கேட்டா ஆன்லைன் மார்க்கெட்டிங் பண்றேங்கிறான். மார்க்கெட்டிங்னா விக்கிறதுதானே? எதைத் தம்பி விக்கிறான் இவன்? வீட்டுல ஒரு சாமானையும் காணுமே!"

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி வரை, மயிலாடுதுறையிலிருந்து பட்டுக்கோட்டை வரை, இப்போது பல வீடுகளில் கேட்கிற கேள்வி இது. வாசலில் நின்றபடி நான் சொன்னது பாதி பதில்தான். மீதி இங்கே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆன்லைன் மார்க்கெட்டிங் என்ற ஒரே பெயருக்குள் நாலைந்து தொழில்கள் ஒளிந்திருக்கின்றன. சிலவற்றுக்கும் மற்றவற்றுக்கும் ஒட்டு உறவே கிடையாது. பையன் எதைச் செய்கிறான் என்று தெரியாமல், காலேஜை நிறுத்தியது சரியா தப்பா என்று பஞ்சாயத்து வைப்பதில் பிரயோஜனமில்லை.

பிறர் கடைக்கு விளம்பரம் ஓட்டுவது ஒரு தொழில். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் தீபாவளிக்கு ஆட்டோவில் மைக் கட்டி வலங்கைமான், பாபநாசம், திருவிடைமருதூர் என்று சுற்றவிடுவார்கள். நோட்டீஸ் அடிப்பார்கள், லோக்கல் கேபிளில் ஓடவிடுவார்கள். இப்போது அதே கடை ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கும்பகோணத்தைச் சுற்றி 25 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களின் போனில் மட்டும் புடவை விளம்பரம் வரும்படி செய்யலாம். எந்த வயதுக்காரருக்குக் காட்டுவது, எந்தப் படம், என்ன வாசகம், ஒரு நாளைக்கு எவ்வளவு செலவு, எத்தனை பேர் பார்த்தார்கள், அதில் எத்தனை பேர் வாட்ஸ்அப்பில் விலை கேட்டார்கள் என்று பார்த்துப் பார்த்து மாற்றிக்கொண்டே இருப்பதுதான் வேலை. விலை கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தத் தொழிலில் 'லீட்' என்று பெயர். லீட் வந்தால் கடைக்காரர் சிரிப்பார். வராவிட்டால் அடுத்த மாதம் போனை எடுக்க மாட்டார்.

இதில் பணக் கணக்கை வீட்டில் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கடைக்காரர் 10,000 ரூபாய் கொடுத்தார் என்றால் அது பையனுடைய வருமானம் இல்லை. பெரும்பகுதி விளம்பரச் செலவாக, ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்துகிற மெட்டா கம்பெனிக்குப் போகும். அந்தச் செலவுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பையனுக்கு மிஞ்சுவது அவன் பேசிக்கொண்ட சர்வீஸ் சார்ஜ். அது மாதம் 3,000 என்றால், ஐந்து கடை பிடித்தால் 15,000. அந்த ஐந்தும் பன்னிரண்டு மாதமும் தொடர வேண்டும். இங்கேதான் டெல்டாவின் சமாச்சாரம் வருகிறது. நம் ஊர்க் கடைகளின் கல்லா நெல்லோடு சேர்ந்து ஏறி இறங்கும். தீபாவளிக்கு ஒரு எழுச்சி. சம்பா அறுத்துப் பணம் கைக்கு வரும் தை, மாசியில் இன்னொன்று, அப்புறம் முகூர்த்த நாட்கள். மற்ற மாதங்களில் கடைக்காரர் ஈ ஓட்டுகிறார். விளம்பரத்துக்கு எங்கே போவார்? ஆக, நாற்றைப் பார்க்காமல் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் பையனும் மறைமுகமாக வயலை நம்பித்தான் இருக்கிறான்.

தேடுகிறவர் கண்ணில் படவைப்பது அடுத்தது. வைத்தீஸ்வரன்கோயிலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் "நாடி பாக்கணுமா சார்?" என்று ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பாரே, அவருக்கு இன்று பஸ் ஸ்டாண்டில் நிற்பதைவிட கூகுளின் முதல் பக்கத்தில் நிற்பது லாபம். வெளியூர்க்காரர் புறப்படும் முன்பே போனில் தேடிவிடுகிறார். திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு என்று ஒன்பது தலத்தையும் சுற்றிக்காட்டும் டிராவல்ஸ்காரர், வேளாங்கண்ணி லாட்ஜ்காரர், நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்காரர், சுவாமிமலை சிற்பி, எல்லோருக்கும் இதே கதைதான். கூகுளில் விளம்பரம் என்பது ஏலம். ஒருவர் 'நவக்கிரக டூர்' என்று தட்டியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏலம் நடந்து முடிந்துவிடும். கூடுதலாகக் கேட்டவருக்கே முதலிடம் என்றும் சொல்ல முடியாது. தேடியதற்கு விளம்பரம் பொருந்துகிறதா, தொட்டால் திறக்கிற பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பதையும் கூகுள் பார்க்கும். காசு கொடுக்காமலேயே மேலே வரப் பார்ப்பது எஸ்இஓ. மேப்ஸில் கடையைச் சரியாகப் பதிவுசெய்து, படம் போட்டு, வாடிக்கையாளரின் ரிவ்யூவுக்குப் பதில் எழுதுவதும் இதில்தான் சேரும். டெல்டாவில் நிஜமாகவே தேவை இருக்கிற வேலை என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனையோ பட்டறைகள் மேப்ஸில் தப்பான தெருவில் கிடக்கின்றன.

அஃபிலியேட் என்பது தரகு. நாம் அனுப்பிய லிங்க் வழியாக யாராவது பொருள் வாங்கினால் நமக்குக் கமிஷன். சொந்த சேனல் நடத்துவது வேறொன்று. யூடியூபில் விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணிநேரம் பார்க்கப்பட்டிருப்பதும் வேண்டும். ஷார்ட்ஸ் வழி என்றால் 90 நாளில் ஒரு கோடி பார்வை. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் கூகுளிலிருந்து ஒரு பின் நம்பர் கடிதம் தபாலில் வரும். அதை தபால்காரர் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கு வீட்டில் ஒரு மரியாதை கூடும் பாருங்கள், அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் பணம் கையில் வர 100 டாலர் சேர வேண்டும். தமிழ்ப் பார்வையாளருக்கு விளம்பரதாரர் கொடுக்கிற விலை குறைவு என்பதால் அந்த 10க்கும் 100க்கும் நடுவில் பலர் நின்றுவிடுகிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. அதைக் கடைசியில் வைக்கிறேன், காரணத்தோடு.

இப்போது மேலே சொன்ன தொழில்களில் எதற்காவது காலேஜை நிறுத்த வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று கடைக்கு விளம்பரம் ஓட்டுவதற்கு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணிநேரம் போதும். பல அரசு கலைக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை வேறு இருக்கிறது, பாதி நாள் கையில்தான். அப்படியிருந்தும் ஏன் நிறுத்துகிறார்கள்?

பிள்ளைகள் சோம்பேறி, போன் கெடுத்துவிட்டது என்று சொல்வது சுலபம். எனக்கு அது ஒத்துவரவில்லை. டெல்டாவில் டிகிரி எப்போதுமே ஊரைவிட்டுப் போவதற்கான டிக்கெட். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பி.எஸ்ஸி., பி.காம். முடித்தவருக்கு அந்தப் படிப்புக்கேற்ற வேலை ஊரில் என்ன இருக்கிறது? பெரிய ஆலைகள் இல்லை. 2020 பிப்ரவரியில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் உருக்காலை, தோல் தொழிற்சாலை போன்றவற்றையும் புதிதாக வரவிடாமல் தடுக்கிறது. மண்ணைக் காப்பாற்ற அது வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அதற்கு ஈடாக வேறு வகை வேலை வந்ததா என்றால், தஞ்சாவூரில் ஐடி கம்பெனிகளுக்கென்று ஒரு மினி டைடல் பார்க் திறக்கவே 2024 ஆகிவிட்டது. எனவே படித்தவர் சென்னைக்கு, திருப்பூருக்கு, சிங்கப்பூருக்கு, வளைகுடாவுக்கு என்று போனார். போனவரின் வீட்டில் புதுத் தளம் எழும்பியது, அப்பா அம்மா தனியாக இருந்தார்கள்.

ஆன்லைன் மார்க்கெட்டிங் அங்கேதான் கொக்கி போடுகிறது. ஊரைவிட்டுப் போகாமல், சொந்தத் திண்ணையில் உட்கார்ந்து வெளியூர்க் காசை வாங்கலாம் என்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானபின் அது நம்பக்கூடியதாகவும் ஆனது. 2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள்தான் இப்போது கல்லூரி வயதில் இருப்பவர்கள். இருபது முப்பது வருஷ மரம் ஒரே ராத்திரியில் விழுந்ததைப் பார்த்தவன் நிலத்தையும் நம்ப மாட்டான், 'மூணு வருஷம் பொறு' என்கிற டிகிரியையும் நம்ப மாட்டான். ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற ஆசையைப் பெரியவர்கள் யாரும் தப்பென்று சொல்ல முடியாது. டிகிரி என்பதே வெளியூர் டிக்கெட் என்று வீட்டிலேயே சொல்லி வளர்த்த பிறகு, வெளியூர் போகப் போவதில்லை என்று முடிவெடுத்தவன் டிக்கெட் எதற்கு என்று கேட்கிறான். அவன் தர்க்கத்தில் ஓட்டை இருக்கிறது, ஆனால் தர்க்கமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

நிஜத்தில் பெரும்பாலும் அது முடிவாகக்கூட நடப்பதில்லை. சரிந்து சரிந்து நடக்கிறது. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். அப்புறம் அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போகிறது. வராத நாட்களை மன்னிப்பதற்கான 'காண்டனேஷன்' பீஸ் கட்டச் சொல்கிறார்கள். நிரந்தர ஆசிரியர் இல்லாமல் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே ஓடுகிற துறைகளில், பையன் வராததை யாரும் பெரிதாகக் கவனிப்பதுமில்லை. ஒருநாள் ஹால் டிக்கெட் வரவில்லை. அன்றைக்கு அவனுக்கு ஒரு கௌரவமான காரணம் தேவைப்படுகிறது. 'நின்றுபோய்விட்டது' என்று சொல்வதற்குக் கூச்சம். 'நிறுத்திவிட்டேன், பிசினஸ் பண்றேன்' என்று சொல்லலாமே.

அந்தக் காரணத்தை அழகாகப் பொட்டலம் கட்டி விற்பவர்கள்தான் நான் கடைசிக்கு வைத்த வகை: எப்படிச் சம்பாதிப்பது என்று சொல்லிக்கொடுத்துச் சம்பாதிப்பவர்கள். நானும் ஒருமுறை 499 ரூபாய் கட்டி அப்படி ஒருவரின் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்று மணிநேரம். அதில் இரண்டு மணிநேரம் அவருடைய கார், துபாய், அம்மாவுக்கு வாங்கிய நகை. 'நான் ஒரு காலேஜ் டிராப்அவுட்' என்பதை ஏழெட்டு முறையாவது சொன்னார். கடைசி அரைமணியில் 'இன்று இரவு பன்னிரண்டு மணிக்குள் சேர்ந்தால்' பாதி விலை. மறுநாளும் அதே பாதி விலைதான் இருந்தது. 99 ரூபாய்க்கு வெபினார், அதில் வந்தவருக்கு சில ஆயிரத்துக்கு வொர்க்‌ஷாப், அதிலும் நின்றவருக்குப் பெரிய தொகையில் 'மென்டர்ஷிப்' என்று படிப்படியாக இறக்குவதை 'ஃபனல்' என்பார்கள். புனல்தான். வாய் அகலம், அடி குறுகல்.

படித்து முடித்தவனுக்கு அவர்கள் கொடுக்கிற முதல் வேலை என்ன? அதே கோர்ஸை இன்னும் பத்துப் பேருக்கு விற்றுக் கமிஷன் வாங்குவது. அவன் முதலில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் 'காலேஜை விட்டேன், வாழ்க்கை மாறிடுச்சு' என்பதுதான். அக்கா கேட்ட கேள்விக்கு இந்த வகையில் மட்டும் பதில் கொஞ்சம் கசப்பானது. காலேஜை நிறுத்திய தன் கதையைத்தான் விற்கிறான். வாங்குபவன் பெரும்பாலும் அவன் பெஞ்சில் கூட உட்கார்ந்திருந்தவன்.

சட்டம் இதை அறியாததில்லை. ஆள் சேர்ப்பதிலிருந்தே வருமானம் வரும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருக்கிறது. நேரடி விற்பனைக்கான 2021 நுகர்வோர் விதிகளும் பிரமிடுத் திட்டங்களுக்கு இடமில்லை என்கின்றன. பெயரை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். காசு கடைசியில் யாரிடமிருந்து வருகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால் போதும். ஜவுளிக்கடைக்காரரிடமிருந்து வந்தால் அது தொழில். அடுத்துச் சேருகிற பையனிடமிருந்து வந்தால் அது வேறு. இன்னொன்று: விளம்பரம் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு கூகுள் ஸ்கில்ஷாப்பும் மெட்டா ப்ளூபிரின்டும் இணையத்தில் இலவசமாகவே பாடங்கள் வைத்திருக்கின்றன. நகையை அடகு வைத்துக் கட்ட வேண்டிய பீஸ் எதுவும் இதில் கிடையாது.

டிராப்அவுட் என்றதும் பில் கேட்ஸ், சக்கர்பெர்க் பெயர்கள் வந்துவிடும். கேட்ஸ் ஹார்வர்டை விட்டது 1975ல், கம்பெனி தொடங்குவதற்காக. ஹார்வர்டு மாதிரி இடத்தில் லீவ் போட்டுவிட்டுப் போய்த் திரும்பி வரலாம் என்பதை யாரும் சொல்வதில்லை. எதற்கு அவ்வளவு தூரம்? கும்பகோணத்துக்காரர்களுக்கு உள்ளூரிலேயே ஆள் இருக்கிறார். ராமானுஜன் 1904ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு, அந்த உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பனிலும் எஃப்.ஏ. (அந்தக் காலத்து இன்டர்மீடியட்) தேறவில்லை. அதன்பின் அவருக்குக் கிடைத்தது வறுமை. 1912ல்தான் சென்னைத் துறைமுகத்தில் கணக்கர் வேலை. 1914ல் இங்கிலாந்து போய், 1916ல் கேம்பிரிட்ஜில் பி.ஏ. பட்டம் வாங்கினார். ராமானுஜனே கடைசியில் டிகிரி வாங்கினார் என்பதைத் தெருவில் சொன்னால் பையன்கள் நம்புவதில்லை.

இந்தத் தொழிலின் அடிப்படை ஆபத்தை டெல்டாக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நம் வயலுக்குத் தண்ணீர் விடுகிற மேட்டூர் அணையின் ஷட்டர் நம் கையில் இல்லை. வழக்கம் ஜூன் 12. 2022ல் மே 24லேயே திறந்தார்கள், 2024ல் ஜூலை 28 ஆகிவிட்டது. கூகுள், மெட்டா, யூடியூப் எல்லாமே அப்படித்தான், ஒரு வித்தியாசம், இவர்கள் தேதியே சொல்ல மாட்டார்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடையானபோது அதில் லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள் மறுநாள் காலை வெறுங்கையோடு எழுந்தார்கள். கூகுள் தன் தேடல் முறையை மாற்றும்போதெல்லாம் சில தளங்கள் காணாமல் போகின்றன. இப்போது தேடலின் உச்சியிலேயே ஏஐ பதில் வந்துவிடுவதால் கீழே இருக்கும் இணைப்பைத் தொடுகிறவர்கள் குறைகிறார்கள். போஸ்ட் எழுதுவது, படம் செய்வது போன்ற புதுப் பையன்களின் முதல் வேலைகளையும் 2022 நவம்பருக்குப் பிறகு சாட்ஜிபிடி போன்றவை ஓரளவு எடுத்துக்கொண்டன. மேட்டூரை மட்டும் நம்பாத விவசாயி போர்வெல் போட்டு வைத்திருப்பார். இந்தத் தொழிலில் போர்வெல் என்பது முகம் தெரிந்த கடைக்காரர்கள், அவர்களுடைய வாடிக்கையாளர் நம்பர்கள், அப்புறம் இங்கிலீஷில் ஒரு மெயில் தப்பில்லாமல் எழுதத் தெரிவது. பி.காம். பையனுக்குக் கூடுதலாக ஒன்று, லாப நட்டம் பார்க்கத் தெரியும். விளம்பரத்துக்குப் போட்ட ரூபாய் எத்தனை ரூபாயாகத் திரும்பியது என்பதுதான் இதன் உயிர்நாடி. அதை அவன் அந்த வகுப்பிலேயே கற்றிருக்கலாம்.

காகித விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சேர்க்கையின் கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டிவிட்டால் கட்டிய பீஸ் திரும்பாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. ஆனால் ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமையில்லை என்பதும் அதே யுஜிசி சொன்னதுதான், 2018லேயே. கல்விக் கடன் இருந்தால், படிப்பு முடிந்து ஒரு வருஷம் என்று இருந்த அவகாசம் பாதியில் நிறுத்தினால் அப்படியே இருக்கும் என்று நம்பக்கூடாது, உடனே வங்கிக்குப் போய்ப் பேசவேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து வந்தவருக்கு தமிழ்ப் புதல்வனிலும் புதுமைப் பெண்ணிலும் வரும் மாதம் 1,000 ரூபாய் படிப்பை விட்டதும் நின்றுவிடும். குரூப் 4க்குப் பத்தாவது போதும். குரூப் 2க்கும் வங்கித் தேர்வுக்கும் டிகிரி வேண்டும். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2023 செப்டம்பரிலிருந்து புள்ளிக் கணக்கு, அதில் படிப்புக்கும் தனிப் புள்ளி. உள்ளூர்க் கடைக்காரர் டிகிரி கேட்க மாட்டார் என்பது வாஸ்தவம். ஆனால் ஐந்து வருஷம் கழித்து இதே துறையில் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ ஒரு ஏஜென்சிக்குப் போகலாம் என்று நினைத்தால், 'ஏதாவது ஒரு பட்டம்' என்று விளம்பரத்தில் ஒரு வரி இருக்கும். தொலைதூரக் கல்வியில் அந்த வரியைச் சமாளிக்கலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ மூன்றுமே எட்டுகிற தூரத்தில்தான் இருக்கின்றன. விட்ட இடத்திலேயே அரியரை எழுதி முடிப்பது அதைவிட மலிவு.

அக்கா வீட்டுப் பையனிடமும் பேசினேன். கோர்ஸ் விற்கிற கூட்டத்தில் அவன் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. இரண்டு கடை, ஒரு பல் ஆஸ்பத்திரி. விளம்பரக் கணக்கை லேப்டாப்பில் திறந்து காட்டினான், சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு லீடுக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டேன், தடுமாறாமல் சொன்னான். நவம்பரில் அரியர் எழுதப் போகிறாயா என்று கேட்டதற்கு மட்டும், "பாக்கலாம்ணா" என்றான். பீஸ் கட்டக் கடைசித் தேதி தெரியுமா என்றேன். தெரியும் என்று தேதியையும் சொன்னான். அதை அவன் சொன்ன வேகத்தைப் பார்த்தால் அவனுக்கே ஒரு யோசனை இருப்பதாகப் பட்டது.

எல்லாவற்றையும் அக்காவுக்குச் சொன்னேன். எதை விக்கிறான் என்பது ஓரளவு புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி தம்பி, காசு வந்துச்சாமா?" என்றார்.

"ஒரு கடைக்காரர் தீபாவளி முடிஞ்சு தரேன்னு சொல்லியிருக்காராம்க்கா."

"நல்ல யாவாரம் போ," என்றார் அக்கா. "கவர்மெண்டு கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போட்டாகூட அதுக்கு முன்ன பேங்குல ஏறிடுமே!"